குளிகை முடியக் காத்திருந்த வேட்பாளர்

மரியாதைக்குரிய மச்சான் மதார் சாகிப் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் தம்பி, ஜிப் கடை ஹபீப் ரகுமான் பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஃபரீதாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் முழங்கால் வலியும் சம்சாத் அக்காவின் சர்க்கரையும் அடங்கி ஒடுங்கி இருக்க துஆச் செய்கிறேன். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் வேலை பார்த்த நீங்கள், போனில் சொல்கிற சேதியைச் சேதியாகவே மதிப்பதில்லை என்பதால் இதைக் கடையில் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு எழுதுகிறேன். அக்கா நேற்று போனில் துருவித் துருவிக் கேட்டாள். முதலில் மச்சானுக்குத்தான் சொல்லுவேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம் இருந்தால் அதையும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியது.

போன பெருநாளைக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஹபீபு, ஒனக்கு நாப்பத்தெட்டு ஆகுது. நீ எதுக்குடா இருக்க?" என்று கேட்டீர்கள். நான், "எட்டரைக்குக் கடை தெறக்கணும் மச்சான்" என்றேன். நீங்கள் துண்டை எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தத் துண்டில் கை துடைத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, அங்கிருந்து நம் ஊர் வந்து சேருகிறவரைக்கும் யோசித்தேன். கடை திறப்பதைத் தவிர வேறு ஒன்றும் தட்டுப்படவில்லை.

எங்கள் செட்டில் நாலு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். சங்கரலிங்கம் மில்லில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவன், நாற்பத்தைந்து வயதில் ஓட ஆரம்பித்து, கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி, மெடலையெல்லாம் பீரோக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறான். பீரோவைத் திறந்தால் கோயில் மாடு வருகிற சத்தம். தங்கப்பாண்டியன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவனுக்கு ராமேஸ்வரம் கடலில் இறங்கி இலங்கை வரைக்கும் நீந்த வேண்டும். இப்போதைக்குச் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் சுற்றிச் சுற்றி வருகிறான். பால்சாமி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மேஸ்திரி. பத்தாம் வகுப்பிலிருந்தே கவுன்சிலர் ஆகவேண்டும் என்பது அவன் கனவு. சங்கரலிங்கம் ஓடும்போது குளுக்கோஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு பின்னாலேயே வண்டியில் போகிறவன் நான். தங்கப்பாண்டியன் நீந்தும்போது கிணற்று மேட்டில் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருப்பவனும் நான். பால்சாமி நின்ற இரண்டு தேர்தலிலும் அவன் தோற்றதும் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டவன் நான். மூன்று பேருக்கும் கனவு இருக்கிறது, எனக்கு மூன்று பேரும் இருந்தார்கள்.

நீங்கள் கேட்ட பிறகு நானும் முயற்சி எடுக்காமல் இல்லை. சங்கரலிங்கத்தோடு ஒருநாள் ஓடினேன். முதல் கிலோமீட்டரிலேயே ஒரு நாய் துரத்தியதில் அவனையே தாண்டிவிட்டேன், ஆனால் மறுநாள் நாய் வரவில்லை, எனக்கும் ஓட்டம் வரவில்லை. தங்கப்பாண்டியனிடம் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். கயிற்றைப் பிடித்திருந்தவனுக்குப் பாலிசிக்காரர் ஒருவர் போன் செய்துவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை, தண்ணீர் ருசி நன்றாகத்தான் இருந்தது. ஃபரீதா தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, "ஆசை தானா வரணுங்க, கெணத்துக்குள்ள போயித் தேடுனா வருமா?" என்றாள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பேரூராட்சிக்குத் தேர்தல் வந்தது. பால்சாமி மூன்றாவது தடவையாகச் சுயேச்சை. முதல் தடவை நாற்பது ஓட்டில் போனது, அடுத்தது ஒன்பது ஓட்டில் போனது. இதுதான் கடைசி, இதிலும் தோற்றால் இனி வாழ்நாளில் எந்த மேடையும் ஏறமாட்டேன் என்று அவன் மனைவி காளீஸ்வரியின் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான். அதனால் எந்தப் பிசகும் வந்துவிடக்கூடாது என்று ஒரு டம்மி வேட்பாளர் போட முடிவு செய்தான். டம்மி என்றால், இவன் மனு தள்ளுபடி ஆகிவிட்டால் கைகொடுக்க இன்னொரு மனு. இவன் மனு ஏற்கப்பட்டதும் டம்மி வாபஸ் வாங்கிவிடவேண்டும், அவ்வளவுதான் வேலை. யார் டம்மி என்ற பேச்சே எழவில்லை. என் கடைக்கு வந்து ஆதார் கார்டைக் கேட்டான், கொடுத்தேன். இரண்டு மனுவையும் அவனே அவன் கையெழுத்திலேயே நிரப்பினான். தாக்கல் செய்ததும் குளிகை நேரத்தில்தான். குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்று அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "திரும்பத் திரும்ப நிக்கவேண்டி வந்தா, திரும்பத் திரும்பத் தோக்கிறன்னுதானல அர்த்தம்?" என்று கேட்டேன். முறைத்தான்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை மூன்று மணி வரைக்கும். இரண்டு பேரும் அவன் வண்டியில் காலையிலேயே பேரூராட்சி ஆபீசுக்குக் கிளம்பினோம். ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகுகாலம் என்று டீக்கடையில் உட்கார வைத்தான். ஒன்பதுக்குப் போனால் வாபஸ் படிவத்தோடு ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது பத்தரை. எமகண்டம் தொடங்கிவிட்டது என்று என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டுக்கு மேல் நல்ல நேரம்தான், ஆனால் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர், எனக்கு லுஹர் தொழுகை. "நீ போயித் தொழுதுட்டு வா, நா எடத்தப் புடிச்சு வைக்கேன்" என்று அவன்தான் அனுப்பினான். நான் திரும்பி வந்தபோது மணி ஒன்று பத்து, அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருகிறார், இவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், ஒன்று முப்பத்திரண்டு. குளிகை.

"ஏலே, ஒனக்கும் குளிகைக்கும் ஒண்ணும் கெடையாது, எனக்கு இருக்குல்லா? இப்ப நீ வாபஸ் வாங்குனா வாபஸ் வாங்குத காரியமே எனக்குத் திரும்பத் திரும்ப வரும். நாளைக்கு ஜெயிச்ச பொறவும் வாபஸ் வாங்கச் சொல்லுவான். செத்த நேரம் பொறு" என்று என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தான். வேர்க்கடலை வாங்கினான். அதிகாரி நல்ல மனுஷர், இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "என்ன சார், எதாவது வேணுமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், மூணு மணிக்கு வாரோம்" என்றான் இவன். "மூணு மணியோட சரி, பாத்துக்குங்க" என்றார் அவர். "அதான் சார், மூணு மணிக்குத்தான் எங்களுக்கும் சரி" என்றான் இவன். மச்சான், அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மண்டையில் ஏதோ இடறியது. ஆனால் துணைக்குப் போகிறவன் குறுக்கே பேசக்கூடாது என்பது நாற்பத்தெட்டு வருடப் பழக்கம். கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி அடித்ததும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனோம். எதிரே ஒருவர் பசை வாளியோடு வந்தார். இறுதி வேட்பாளர் பட்டியல். அதில் மூன்றாவது பெயர் பால்சாமி, ஐந்தாவது பெயர் ஹபீப் ரகுமான்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்தது சின்னம் ஒதுக்கீடு. இவன் ஒரே மாதிரி நிரப்பிய இரண்டு மனுவிலும் முதல் விருப்பமாகத் தண்ணீர்க் குழாய் என்று எழுதியிருந்தான். இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். சீட்டு எடுத்தார்கள், குழாய் எனக்கு வந்தது. அவன் எதையெல்லாம் விட்டுக்கொடுத்து எதையெல்லாம் கேட்டுப் பார்த்தான் தெரியுமா, கடைசியில் அவனுக்குச் சீப்புதான் மிஞ்சியது. பால்சாமியின் தலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முப்பது வயதிலிருந்து அந்தத் தலைக்கும் சீப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதில் குழாய் படம் போட்டு ஆயிரம் நோட்டீசை முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது என்று மறுநாள் அவனே ஒரு வழி சொன்னான். நான் வார்டு முழுக்க வீடு வீடாகப் போய், எனக்கு ஓட்டுப் போடாதீர்கள், பால்சாமிக்குப் போடுங்கள் என்று கேட்கவேண்டும். மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டேன். கடையைச் சாயங்காலம் நாலு மணிக்கே அடைத்துவிட்டு, தோளில் ஜிப் மாற்றுகிற சாமான் பையோடு கிளம்பினேன். முதல் வீடு முத்தாத்தாள் வீடு. "அம்மா, நான் தண்ணீர்க் குழாய் சின்னத்துல நிக்கேன். தயவுசெஞ்சு எனக்குப் போட்டுறாதீங்க" என்றேன். அவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஏ பாயி, நானும் இருவது எலெக்சன் பாத்துட்டேன். எனக்குப் போடாதன்னு கேட்டு வந்த மொத ஆளு நீருதான். உக்காரும்" என்றார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வீட்டுக்கு முன்னால் சாக்கடை அடைத்து வருடக்கணக்காக வாசலில் தண்ணீர் நிற்கிற கதையைச் சொன்னார்கள். பேத்தியின் பள்ளிக்கூடப் பை ஜிப் போயிருந்தது, கேட்டுக்கொண்டே அதை மாற்றிக் கொடுத்தேன். பால்சாமியிடம் சொல்லவேண்டுமே, மறந்துவிடக் கூடாதே என்று சாக்கடையை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீடு ஆவுடையம்மாள். அவர்களுக்கு விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்ட மனு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. அதற்கு அடுத்த வீட்டு வாசலில் தெருவிளக்குக் கம்பம் நிற்கிறது, விளக்கு இல்லை. எனக்கு ஓட்டு வேண்டாம் என்பதால் எனக்கு அவசரமும் இல்லை, யாருக்கும் வாக்குறுதி கொடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. எம்புட்டு நேரம் வேண்டுமானாலும் கேட்டேன். நாலு நாளில் நோட்டு பாதி நிறைந்துவிட்டது. பால்சாமியிடம் கொண்டுபோனால் அவன் சீப்புப் படத்துக்கு நோட்டீசு அடிப்பதிலும் தன் தலைக்குத் தொப்பி வாங்குவதிலும் மும்முரமாக இருந்தான். "ஜெயிச்ச பொறவு பாப்பம்லே" என்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்து நானே ஒவ்வொன்றுக்கும் மனு எழுதினேன். எழுதி, கையெழுத்து வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்குச் சீட்டும் வாங்கினேன். மூன்றாம் நாள் வயர்மேன் வந்து விளக்கை மாட்டினார். ஒரு விளக்கு, மச்சான். கம்பத்தில் ஒரே ஒரு விளக்கு. அந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்துவிட்டது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அன்றிலிருந்து காலையில் கண் விழிக்கும்போதே அன்றைக்கு எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. இதுவரைக்கும் என் ஆயுளில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை. நீங்கள் கை கழுவுகிற இடத்தில் கேட்டது இதைத்தானே?

விஷயம் இப்படி இருக்க, போன சனிக்கிழமை டீக்கடையில் யாரோ பால்சாமியின் காதுபடவே, "என்ன ஆனாலும் நம்ம ஓட்டு ஜிப் கடை பாய்க்குத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் சொன்னதும் பெஞ்சில் இருந்த அம்புட்டுப் பேரும் ஆமாம் என்றார்களாம். டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கல்லாப் பெட்டி மேல் வைத்தான். 

"ஓட்டுப் போடாதீய, போடாதீயன்னு சொல்லிச் சொல்லியே வாங்கிட்டியேலே."

"நான் ஒங்கிட்டதான நோட்டக் கொண்டாந்து தந்தேன்?" என்றேன்.

"நோட்டு கெடக்கட்டும். பத்தாங் கிளாசுலருந்து நா இதுக்குன்னே கெடந்து சாவுதேன். ஒனக்குன்னு ஒரு ஆசை இல்லன்ன ஒடனே என் ஆசையத் தூக்கிட்டுப் போயிட்ட. அப்படித்தான?"

சங்கரலிங்கமோ தங்கப்பாண்டியனோ இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது பேசியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். முப்பத்தைந்து வருடச் சிநேகிதம், மச்சான். அவன் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்காத குறையாக நான் நின்றிருக்கிறேன், எங்கள் அத்தா மவுத்தானபோது கபரஸ்தான் வரைக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொள்ளாமல் தூக்கி வந்தவன் அவன். ஆனால் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஆமா, எடுத்துக்கிட்டேன். நீ வச்சிருந்தது கவுன்சிலர்ங்கிற பேரை. நான் எடுத்தது அந்தச் சாக்கடையை. எனக்கு அது வேணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றைக்குத் திங்கட்கிழமை. இரண்டு நாளாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை, நானும் போகவில்லை. ஃபரீதா சோறு வைக்கும்போதெல்லாம், "அந்த அண்ணன் சாப்பிட்டாகளோ என்னமோ" என்று என் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மச்சான், நான் முடிவு செய்துவிட்டேன். இனி யாருக்கும் டம்மி இல்லை. யார் பின்னாலும் பாட்டிலோடு போகப்போவதில்லை, யாருக்கும் கயிறு பிடிக்கப்போவதுமில்லை. வருகிற சனிக்கிழமை வாக்குப்பதிவு, நடுவில் நாலு நாள் இருக்கிறது. நாளைக் காலையிலிருந்து வீடு வீடாகப் போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கப்போகிறேன். என் ஓட்டு பக்கத்து வார்டில் இருப்பதால் எனக்கே நான் போட்டுக்கொள்ள முடியாது, ஆகவே மற்றவர்கள் போட்டால்தான் உண்டு. எதிர்த்து நிற்பது பால்சாமி என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். அவன் தோற்றால் தோற்கட்டும், மேடை ஏறாவிட்டால் போகட்டும். கல்நெஞ்சு என்று நினைக்கவேண்டாம். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தனுக்கு முதல்முறையாக ஒரு ஆசை வந்திருக்கிறது, அதை விட்டுக்கொடு என்று நீங்களே சொன்னாலும் கேட்பதாக இல்லை. நீங்கள் இந்தப் பக்கம் இருபது வருடம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர்கள், உங்கள் முகத்துக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. மூட்டு வலியைப் பாராமல் புதன்கிழமை வந்து என்னோடு இரண்டு தெரு நடந்தால் போதும்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், அந்த ஆயுள் முழுக்க வலியில்லாத கால்களையும் தரட்டும். அக்காவிடம் என் சலாமைச் சொல்லி, இனிப்பைக் குறைக்கச் சொல்லவும். வ. புதுப்பட்டியிலிருந்து ஃபரீதாவின் அண்ணன் கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் உங்களுக்காக இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
எடுத்த முடிவில் மாறாத,
ஹபீப் ரகுமான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கக் கடைக்கு உள்ளே போனேன். திரும்பி வந்தால் பால்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து மேலே உள்ள நாலு பக்கத்தையும் படித்துக்கொண்டிருக்கிறான். கிழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு மடித்து வைத்தான். "இன்னைக்குக் காலைல முத்தாத்தா வீட்டுக்கு ஓட்டுக் கேக்கப் போனேன். சாக்கடைய என்ன செய்யப்போறன்னு கேட்டாவ. எந்தச் சாக்கடைன்னு கேட்டுட்டேன்லே. தண்ணிக்குள்ளதான் நின்னுட்டு இருக்கேன். மூணு எலெக்சனா அதே வாசல்ல நின்னுருக்கேன், பாத்ததில்ல" என்றான். அதற்குப் பிறகு அங்கேயே, சீப்பு வேண்டாம், குழாய்க்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டானாம். இதுவரைக்கும் மூன்று தெரு முடித்துவிட்டு வந்திருக்கிறான். குழாய் நோட்டீசு ஆயிரத்தில் அவன் பெயர் இருக்கிற இடத்திலெல்லாம் காளீஸ்வரி உட்கார்ந்து என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாளாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து வைத்திருந்ததை இவன் பாட்டுக்கு இப்படித் தூக்கிக் கொடுத்தால் நான் எப்படி வாங்கிக்கொள்வது? நீ நாளையிலிருந்து எனக்குக் கேட்டால் நான் சீப்புக்குக் கேட்பேன் என்றேன். கேட்டுப் பார் என்றான். அரை மணி நேரம் சண்டை போட்டோம், எதிர்க்கடைக்காரர் வந்து விலக்கிவிட்டார். அவனும் விடுவதாக இல்லை, நானும் விடுவதாக இல்லை. நாளைக் காலை அவன் மேலத் தெருவில் எனக்கு ஓட்டுக் கேட்கிறான், நான் கீழத் தெருவில் அவனுக்குக் கேட்கிறேன். யார் ஜெயித்தாலும், ஏன், எங்கள் இரண்டு பேரையும் தள்ளிவிட்டுக் கட்சிக்காரர் யாராவது ஜெயித்தாலும், அந்தச் சாக்கடை ஓடுகிறவரைக்கும் மனு எழுதப்போவது நான்தான், அதில் மட்டும் பங்கு கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எழுதுவது நீ, கொண்டுபோய்க் கொடுக்கும்போது துணைக்கு நான் வருவேன் என்கிறான். ஆகவே மேலே முடிவு செய்துவிட்டேன் என்று எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் புதன்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள், பிரச்சாரத்துக்கு ஆள் போதவில்லை. யாருக்குக் கேட்பது என்பதை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.